ஆற்காட்டில் போய் விழும் புதுச்சேரி... ஹாபி புரோகிராமர்களைச் சுத்தலில் விடும் மேப்! ஏன் இப்படி?

லீவு நாளில் சும்மா ஒரு இந்திய மேப் போட்டு டேட்டாவைக் கலர் கலராகக் காட்டலாம் என்று உட்கார்ந்தால், மற்ற மாநிலங்கள் சொன்னபடி கேட்கும். புதுச்சேரி மட்டும் அடம்பிடிக்கும்.

காரணம் பிரெஞ்சு ஆட்சி. 1954 நவம்பர் 1-ல் அவர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தது ஒரே நிலப்பரப்பு அல்ல. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழகக் கரையில், மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திராவின் காக்கிநாடா அருகே. இந்த நான்கு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைக்குச் சராசரி எடுத்து அங்கே பெயரைப் போடச் சொன்னால், கம்ப்யூட்டர் அதை ஆற்காடு பக்கத்தில் போட்டுவிடும்!

மாஹே எங்கப்பா?

மாஹேவின் பரப்பு சுமார் 9 சதுர கி.மீ. இந்தியாவின் கிழக்கு மேற்கு அகலம் சுமார் 2,900 கி.மீ. 600 பிக்சல் அகலத்தில் மேப் வரைந்தால், ஒரு பிக்சலே கிட்டத்தட்ட 23 சதுர கி.மீ. ஆகிவிடும். 2011 கணக்கெடுப்புப்படி அங்கிருக்கும் 41,816 பேரும் அரை பிக்சலுக்குள்! அதனால்தான் பரப்பை நிரப்பாமல், மக்கள்தொகைக்கு ஏற்ற வட்டம் போடுவது நல்லது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபைல் சைஸைக் குறைக்க எல்லைக்கோடுகளை 'சிம்ப்ளிஃபை' செய்வார்கள். அப்போது குட்டித் துண்டுகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். புதுச்சேரி மாவட்டமே தமிழக கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கிறது. முதலில் துண்டுகளைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டு, பிறகுதான் சுருக்க வேண்டும்.

ஒரு கோடு, ரூ.3,000 வித்தியாசம்

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரி அரசு ரேஷன் கார்டுக்கு ரூ.5,000 அறிவித்தது. பக்கத்து விழுப்புரம், கடலூரில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தமிழக அரசு அறிவித்தது ரூ.2,000. மழை ஒன்றுதான், எல்லைதான் வேறு. வெள்ள பாதிப்பை மேப்பில் போடும் தன்னார்வலர் எல்லைக்கோட்டைத் தப்பாகப் போட்டால், ஒரு கிராமமே பக்கத்து மாநிலக் கணக்கில் ஏறிவிடும்.

இதற்குக் காசு செலவாகுமா? ஆகாது. 2004-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், எல்லைகளைத் திருத்த கியூஜிஐஎஸ், இணையத்தில் காட்ட லீஃப்லெட் எல்லாமே இலவசம். கொரோனா காலத்தில் தன்னார்வலர்கள் நடத்திய 'கோவிட்19இந்தியா' தளமும் கோடிங்கை எல்லோரும் பார்க்கும்படி திறந்தே வைத்திருந்தது. 2021 அக்டோபர் 31-டன் அப்டேட் நின்றது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உங்கள் ஊர் எல்லை தப்பாகத் தெரிந்தால், ஒரு கணக்குத் தொடங்கி நீங்களே திருத்தலாம். ஆனால் கூகுள் மேப்பைப் பார்த்து காப்பி அடிக்கக் கூடாது. அதற்கு அனுமதி இல்லை.