மயக்க மருந்துக்கு முன் ஓர் ஈசிஜி

தாம்பரம் சானடோரியத்தில் ஈசிஜி தாளின் ஓர் அளவைக் கவனமாகப் பார்ப்பார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான பெடாகுவிலின் மாத்திரை 2016-ல் இந்தியாவில் ஆறு மருத்துவமனைகளில் அறிமுகமானது; இங்குள்ள அரசு நெஞ்சக மருத்துவமனை அவற்றில் ஒன்று. அந்த மாத்திரை ‘கியூடி’ இடைவெளியை நீட்டக்கூடியது.

இதயத்தின் கீழறைகள் ஒருமுறை துடித்து, அடுத்த துடிப்புக்கு மின்னளவில் தயாராக எடுக்கும் நேரமே கியூடி. துடிப்பின் வேகத்துக்கேற்பத் திருத்திய கணக்கில் சுமார் 450 மில்லி செகண்டுக்குள் இருந்தால் பயமில்லை. 500-ஐத் தாண்டினால் கீழறைகள் திடீரெனத் தாறுமாறாக ஓடக்கூடும். ஆள் மயங்கி விழுவார். அது தானாக அடங்காவிட்டால் உயிரே போகலாம்.

எந்த மாத்திரையும் சாப்பிடாமலே சிலருக்கு மரபணுக் கோளாறால் பிறவியிலேயே கியூடி நீளம். பார்க்க நல்ல ஆரோக்கியமாக இருப்பார்கள். ஆபரேஷன் என்று வந்தால்தான் பல ஆபத்துகள் ஒன்றுசேரும். வாந்திக்குப் போடும் ஆன்டான்செட்ரான் கியூடியை நீட்டும். செவோஃபுளுரேன் வாயுவும் நீட்டும். பயமும் வலியும் அட்ரினலினை ஏற்றும். வாந்தி பேதியில் பொட்டாசியம் குறைந்திருந்தால் இன்னும் மோசம்.

முன்பே தெரிந்தால் மயக்க மருத்துவரால் சமாளிக்க முடியும். கியூடியை அதிகம் பாதிக்காத புரொபோஃபால் போன்ற மருந்தைத் தேர்வார், மக்னீசியம் ஊசியையும் ஷாக் கொடுக்கும் கருவியையும் பக்கத்தில் வைப்பார், மயக்கம் தெளிந்த பிறகும் மானிட்டரைக் கழற்றமாட்டார். ஏற்கெனவே புரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்கள் ஆபரேஷன் அன்று காலையிலும் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

நம் ஊருக்கு மிக முக்கியமான செய்தி 1957-ல் நார்வேயில் பதிவானது. யெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற இரு மருத்துவர்கள் ஒரே குடும்பத்தில் காது கேளாத நான்கு குழந்தைகளுக்குக் கியூடி நீண்டிருப்பதைக் கண்டார்கள். மூன்று குழந்தைகள் திடீரென இறந்தன. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த வகை நோய் வரும். மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் கட்டும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு அதிகம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தப் பிறவியிலேயே காது கேளாத குழந்தைகள் வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இதயம் நன்றாகவே இருக்கும். ஆனாலும் ஈசிஜி எடுத்து, கியூடியை அளந்த பிறகே மயக்க மருந்து கொடுக்க வேண்டும். படபடப்பைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு அந்தத் தாள்தான் பேச வேண்டும்.

பெற்றோரே, மருத்துவர் கேட்காமலே சொல்லுங்கள்: ஓடும்போதோ, திடுக்கிட்டோ குழந்தை மயங்கியதுண்டா? வலிப்பு என்று மருந்து கொடுத்தார்களா? வீட்டில் இளவயதில் யாராவது தூக்கத்திலோ, நீந்தும்போதோ இறந்தார்களா? ஒரு பிள்ளைக்கு நோய் உறுதியானால், கூடப்பிறந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் தாமதிக்காமல் ஈசிஜி எடுத்துவிடுங்கள்.