உங்களுக்குத் தெரியுமா? மூன்று இறுதிப்போட்டிகள், மூன்று புதுப் பயிற்சியாளர்கள்

கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணி இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) இறுதிப்போட்டிக்கு வந்த 3 முறையும் தலைமைப் பயிற்சியாளருக்கு அது முதல் சீசன்: 2014-இல் டேவிட் ஜேம்ஸ், 2016-இல் ஸ்டீவ் காப்பெல், 2021-22-இல் இவான் வுகோமனோவிச். மூன்றிலும் தோல்விதான், பின்னிரண்டும் பெனால்டியில்.

கேரளம் முழுவதும், புதிய பயிற்சியாளர் வந்தாலே ரசிகர்கள் கோப்பையை எதிர்பார்ப்பது நியாயமே. ஆனால் ஆள் மாறினால் போதும் என்பதற்கு இது சான்றாகாது. 2015-இல் பீட்டர் டெய்லர் பாதியில் விலக, அணிக்குக் கடைசி இடம். 2020-21-இல் கிபு விகுனா வந்தும் 11 அணிகளில் 10-ஆவது. 2024 மே மாதம் வந்த மிக்கேல் ஸ்டாரே டிசம்பரிலேயே நீக்கப்பட்டார். அணியைத் தொடர்ந்து 3 சீசன் பிளேஆஃபுக்குக் கொண்டு சேர்த்தவர், பொறுமையுடன் வாய்ப்பளிக்கப்பட்ட வுகோமனோவிச் ஒருவரே.