இல்லத்துச் சேமிப்பகமும் செம்புக் கம்பியும்

கொச்சித் துறைமுக வாயிலுக்கு வடக்கே, அரபிக் கடலுக்கும் காயலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் குறுகிய தீவு வைப்பின். 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளத்தை ஒட்டி இது உருவாயிற்று என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. நீரால் பிறந்த இந்நிலத்தை நீர் இன்னும் விட்டபாடில்லை. எடவனக்காடு, நாயரம்பலம் முதலிய ஊர்களில் கடல் கரையை அரிக்கின்றது. ஓதம் ஏறும்போது உப்புநீர் முற்றங்களுள் புகுகின்றது. 2018 ஆகஸ்டில் கேரளத்தைச் சூழ்ந்த வெள்ளத்தில் நிலப் பத்திரங்களையும், பள்ளிச் சான்றிதழ்களையும், குடும்பப் படங்களையும் இழந்தோர் பலர்.

இத்தகைய பொருள்களை எண்வடிவில் ஓரிடத்தே சேர்த்து, வீட்டிலுள்ள கணினிகளும் கைப்பேசிகளும் ஒருங்கே அணுகுமாறு வைக்கும் கருவியே வலையமைப்புச் சேமிப்பகம். சில வன்தட்டுகளும், அவற்றை மேற்பார்க்கும் சிறு கணினியும் இதன் உறுப்புகள். ஈதர்நெட் கேபிள் இதனை ரூட்டருடன் இணைக்கின்றது. 1956-ல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வட்டுச் சேமிப்பகம் 50 தட்டுகளைக் கொண்டிருந்தும் ஏறத்தாழ 5 மெகாபைட்டே கொண்டது. இக்காலத்துக் கைப்பேசிப் படம் ஒன்றிரண்டுக்கே அவ்விடம் சரியாகிவிடும்.

அமைக்கும் முறை எளிதே. கருவிக்கு மாறாத முகவரி ஒன்றை ரூட்டரில் ஒதுக்கி, வீட்டார் ஒவ்வொருவர்க்கும் தனிக் கடவுச்சொல் அளித்தல் வேண்டும். வெளி இணையத்திலிருந்து எவரும் நேரே நுழையும் வழியைத் திறந்து வைத்தல் ஆகாது.

இடர்ப்பாடு பெரும்பாலும் வேகத்திலேதான் தோன்றுகின்றது. கேபிளின் வேகம் பிட்டில் கூறப்படுகின்றது. கோப்பின் அளவோ பைட்டில். ஒரு பைட்டுக்கு எட்டு பிட்டுகள். ஆதலின், வினாடிக்கு 1000 மெகாபிட் செல்லும் இணைப்பில் 125 மெகாபைட்டே உச்ச அளவு. உறைச் செய்திகள் போக, நடைமுறையில் 110 மெகாபைட் அளவில் நிற்கும். 100 மெகாபிட் இணைப்பிலோ 11 மெகாபைட்டே கிட்டும். 400 கிகாபைட் படங்களை மாற்ற முன்னதற்கு ஒரு மணி நேரம் போதும். பின்னதற்குப் பத்து மணி நேரம் ஆகும்.

நல்ல கருவிகள் இருந்தும் இணைப்பு 100-க்கு இறங்கிவிடுவதன் காரணம் என்ன? கேபிளினுள் நான்கு இணைக் கம்பிகள் முறுக்கப்பட்டுள்ளன. 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகள் போதும். 1000-க்கு நான்கும் தேவை. ஒரே ஒரு கம்பி அறுந்தாலும், முனையில் களிம்பேறினாலும், பெரும்பாலான கருவிகள் சொல்லாமலே கீழ்வேகத்துக்கு இறங்கிவிடுகின்றன. உப்புக் காற்று வீசும் கடற்கரையில் இக்குற்றத்தை முதலில் ஐயுறுவது தகும். மலிவு கேபிள்கள் சிலவற்றில் செம்புப் பூச்சிட்ட அலுமினியக் கம்பி உள்ளது. அது எளிதில் முறியும். ஆகவே முழுச் செம்புக் கேபிளை வாங்கி, கணினியில் காட்டப்படும் இணைப்பு வேகத்தைச் சரிபார்த்தல் நலம். புதிய கருவியை வாங்கச் செலவிடுவதற்கு முன் ஒரு கேபிளை மாற்றிப் பார்ப்பதே சிக்கனம். வை-ஃபை சுவர்களைக் கடக்கையில் நலிவதால், முதன்முறைப் பெருமாற்றத்தைக் கேபிள் வழியே செய்துவிடலாம்.

சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருப்பின் கேபிளைப் பழிப்பதில் பயனில்லை. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டு அரைச் சுற்று வருவதற்கே ஏறத்தாழ 5.6 மில்லிவினாடி ஆகின்றது. படிக்கும் முனை இடம்பெயரும் நேரம் வேறு. கோப்புகளை ஒரே பொதியாகக் கட்டி அனுப்பினால் இத்தாமதம் பெரிதும் குறையும்.

இரண்டு தட்டுகளில் ஒரே செய்தியைப் பதிக்கும் ஏற்பாடு ஒரு தட்டு பழுதுபடுவதற்கு மட்டுமே காப்பு. தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பு இரண்டிலும் அழியும். முற்றத்து நீர் இரண்டையும் நனைக்கும். ஆகவே பெட்டியைத் தரையில் வையாமல், காற்றோட்டமுள்ள உயரமான அலமாரியில், யு.பி.எஸ். துணையுடன் வைத்தல் வேண்டும். மற்றொரு பிரதியை, கடவுச்சொல்லால் மறைகுறியாக்கி, தனி வன்தட்டில் தீவுக்கு வெளியே வைக்கலாம். கோஸ்ரீ பாலங்கள் 2004-ல் திறக்கப்பட்ட பின், எறணாகுளத்து உறவினர் வீட்டுக்கு மாதம் ஒருமுறை தட்டை மாற்றிக் கொண்டுசெல்வது அரிய காரியமன்று.