கார்ட்டூன் நெட்வொர்க்கின் தரம் குறைந்தது ஏன்? மறுஒளிபரப்பின் பின்னணி

ஹைதராபாத்: 1990-களில் பிறந்த இந்தியக் குழந்தைகளின் கோடை விடுமுறையை ஆட்கொண்டிருந்த கார்ட்டூன் நெட்வொர்க், இன்று சில தொடர்களையே திரும்பத் திரும்பக் காட்டும் அலைவரிசையாகச் சுருங்கிவிட்டது என்ற குறை பரவலாக உள்ளது.

அமெரிக்காவில் 1992-இல் தொடங்கப்பட்ட இந்த அலைவரிசை, 1995-இல் இந்தியாவுக்கு வந்தது. பகலில் கார்ட்டூன், இரவில் டிஎன்டி-யின் பழைய ஹாலிவுட் படங்கள் என ஒரே அலைவரிசை இரு வேடம் பூண்டிருந்தது. தொடக்கத்தில் அதற்குக் கைகொடுத்தது ஹன்னா-பார்பரா நிறுவனத்தின் பழைய தொடர்களே. ஆகவே, மறுஒளிபரப்பு புதிதல்ல. ஆனால், 'டெக்ஸ்டர்ஸ் லேபரட்டரி', 'பவர்பஃப் கேர்ள்ஸ்', 'சாமுராய் ஜாக்' என ஒன்றுக்கொன்று சாயல் இல்லாத சொந்தப் படைப்புகளும் அடுத்தடுத்து வந்தன. அந்த ஊற்றுதான் இப்போது வற்றியுள்ளது.

2022-இல் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி உருவானபின், கடன் சுமையைக் குறைக்க அனிமேஷன் செலவிலும் கை வைக்கப்பட்டது. 'இன்ஃபினிட்டி டிரெயின்' போன்ற தொடர்கள் அந்நிறுவனத்தின் ஓடிடி தளத்திலிருந்தே நீக்கப்பட்டன. அமெரிக்காவில் பெரியவர்களுக்கான 'அடல்ட் ஸ்விம்' பகுதி, 2023-இல் மாலை 5 மணிக்கு முன்னகர்த்தப்பட்டது. பள்ளி விட்டு வந்த பிறகான நேரம் அது.

இந்தியாவில் கணக்கு வேறு. குழந்தைகள் அலைவரிசைகளுக்கு விளம்பர வருவாய் குறைவு. ஆண்டுதோறும் புதிய குழந்தைகள் பார்வையாளர்களாகச் சேர்வதால், பழைய தொடரும் அவர்களுக்குப் புதிதே. புதிய தயாரிப்புக்குப் பணம் செலவிட நிர்வாகத்துக்கு அவசரமில்லை. ஓடிடி சந்தா செலுத்தும் வீடுகளுக்கு மாற்று உண்டு. கேபிள் இணைப்பை மட்டுமே நம்பியுள்ள வீட்டுக் குழந்தைகளுக்கு அது இல்லை.