வண்டிக்கு எந்த நகை?

சொகுசு டீசல் எஸ்.யு.வி.யின் விலையைப் பேசி முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான்.

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் எதுவும் கிடைக்கும். சீட் கவர், மிதியடி, ஸ்பீக்கர், விளக்கு, ஹாரன் என்று கார் சாமான்களுக்காகவே கடைகள் வரிசைகட்டி நிற்கின்றன. பழைய மாருதிக்கு வைப்பர் தேடுபவரும் வருகிறார், அரைக் கோடி ரூபாயைத் தொடும் புத்தம் புதிய வண்டியோடும் வருகிறார்கள். ஷோரூம் வாசனை போவதற்குள் கல்யாணப் பெண்ணுக்குப் பூட்டுவது போல வண்டிக்கு நகை பூட்டியாக வேண்டும்.

இந்த மோகத்துக்கு ஏற்ற ஊர்தான் இது. டீசல் என்ஜினுக்கான இன்ஜெக்‌ஷன் பம்புகளைத் தயாரித்த மைக்கோ நிறுவனம் 1951-ல் பெங்களூரில் தொடங்கியது. இன்று அதன் பெயர் பாஷ். மைசூர் சாலையில் பிடதியில் இருக்கிறது டொயோட்டா கிர்லோஸ்கர் ஆலை. 2009-ல் இந்தியாவில் அறிமுகமான ஃபார்ச்சூனர் அங்கிருந்துதான் வருகிறது. சனிக்கிழமை விடிந்தால் குடகுக்கும் சிக்கமகளூருக்கும் கிளம்பிவிடும் நகரத்தில் உயரமான வண்டிக்கு மவுசு அதிகம்.

எந்த நகை வேண்டும் என்று முடிவு செய்ய ஒரே கேள்வி போதும்: இதைப் பிறகு வாங்க முடியுமா? முடியாதவற்றைத்தான் முதலில் கேட்க வேண்டும். கூடுதல் ஏர்பேக், நான்கு சக்கர இயக்கம், தானாக பிரேக் போடும் வசதி ஆகியவை ஆலையில் பொருத்தப்பட்டால்தான் உண்டு. ஜெர்மன் கார்களில் சிலவற்றைத் தனித்தனி ஆப்ஷன்களாகக் கேட்கலாம். ஃபார்ச்சூனர் போன்றவற்றில் எல்லாம் சேர்ந்த மாடலாகவே வரும். மேல் மாடலுக்குப் பணம் கட்டுபவர்கள் பலர் சன்ரூஃபைப் பார்த்து மயங்குகிறார்கள். ஏப்ரல் வெயிலில் அது மூடியேதான் இருக்கும். காப்பித் தோட்டத்துச் சேற்றுப் பாதையில் அடிக்கடி போகிறவருக்கு நான்கு சக்கர இயக்கம் பயன்படும். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே ஓடுகிறவருக்கு அது வெறும் எடை.

வரிக் கணக்கையும் மறந்துவிடக் கூடாது. பெரிய எஸ்.யு.வி.களுக்கு செஸ்ஸோடு சேர்த்து 50 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். அதோடு முடியவில்லை. 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு கர்நாடகத்தில் ஆயுட்கால வரி 18 சதவீதம். காரின் பில்லில் ஒரு லட்ச ரூபாய்க்கு ஓர் ஆப்ஷன் ஏறினால், வரிகள் சேர்ந்து அது ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிடும். தனி பில்லில் வாங்கும் மிதியடிக்கு இந்தச் சுமை கிடையாது. ஆகவே பிறகு வாங்க முடிந்ததைக் காரின் பில்லில் ஏற்றாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

இனி, காசு கொடுத்து ஆபத்தை வாங்கும் பட்டியல். அதில் முதலிடம் வண்டியின் முன்னால் மாட்டும் இரும்புக் கம்பித் தடுப்புக்கு. வண்டிக்கு மிடுக்கைத் தருவது போலத் தோன்றும். ஆனால் மோதும்போது நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டிய முன்பகுதியை அது வேலை செய்ய விடுவதில்லை. அடி நேராக சேஸிஸுக்குப் போகிறது. ஏர்பேக் சென்சார்கள் தடுமாறலாம். குறுக்கே வந்த பாதசாரியின் கதி இன்னும் மோசம். 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் இந்தக் கம்பிகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

அடுத்தது கறுப்பு ஃபிலிம். முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. எந்த அளவிலும் ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று 2012 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பின்னர் விதிகள் திருத்தப்பட்டதைச் சுட்டிக்காட்டி, அந்த அளவுக்கு உட்பட்டு ஒட்டலாம் என்று 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. ஆலையிலேயே அந்த அளவுக்கு நிறம் கலந்து வரும் கண்ணாடிக்கு இந்த வழக்கே தேவையில்லை.

தோல் சீட் கவரில்கூட எச்சரிக்கை வேண்டும். பக்கவாட்டு ஏர்பேக் பெரும்பாலும் இருக்கையின் ஓரத்தில்தான் இருக்கிறது. அந்த இடத்தை இறுக்கித் தைத்துவிட்டால் அது விரிய வழியிருக்காது. மிதியடியையும் லேசாக நினைக்கக் கூடாது. ஆக்ஸிலரேட்டரில் சிக்கும் அபாயத்துக்காக 2009-ல் அமெரிக்காவில் டொயோட்டா சுமார் 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அந்த மாடலுக்கென்றே தயாரித்த, கொக்கியில் மாட்டும் மிதியடி ஒன்றே ஒன்று போதும். ஒன்றின் மேல் ஒன்று போடக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத நகை ஒன்றும் உண்டு: நீட்டிக்கப்பட்ட வாரண்டி. 2020 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் பி.எஸ்.6 விதிகளால் டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் வந்துவிட்டது. நல்ல சூடு ஏறினால்தான் அந்தக் கரி எரியும். சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்தால் சூடு ஏறாது, கரி அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது ஓசூர் தாண்டி நெடுஞ்சாலையில் ஓட்டுவது ஃபில்டருக்கு மருந்து. அப்படி ஓட்ட வாய்ப்பே இல்லாதவர் டீசல்தான் வேண்டுமா என்று யோசிக்கலாம். வாரண்டி எடுத்தவர் ஒயரை வெட்டி விளக்கும் ஆம்ப்ளிஃபயரும் பொருத்தினால், பழுது வரும்போது கம்பெனியோடு தகராறுதான். வெளியில் பொருத்தும் விலை உயர்ந்த சாமான்களை இன்ஷூரன்ஸ் பாலிசியில் சொல்லிச் சேர்க்காவிட்டால் திருட்டுப் போனாலும் பணம் வராது.

எனவே முதல் மாதம் எதையும் பூட்டாமல் ஓட்டிப் பார்ப்பதே நல்லது. எது குறைகிறது என்று வண்டியே சொல்லிவிடும். ஜே.சி. ரோடு எங்கும் ஓடிப்போகாது. ஆனால் அங்கே எத்தனை கடை ஏறி இறங்கினாலும், ஷோரூமில் மிச்சம் பிடித்த அந்த ஏர்பேக் கிடைக்காது.