முத்து தேடும் பிள்ளைகள்... கயிறு யார் கையில்?

"டாக்டரய்யா, இவனுக்குக் கொஞ்ச நாளாவே தலைவலி, கண் எரிச்சல். ஒண்ணுக்குப் போனா கடுக்குதுங்கான். சூட்டுக்கு ஏதாவது மருந்து குடுங்க."

பதிமூன்று வயதுப் பையனை அழைத்து வந்த தாய் சொன்னது இது. நாடி, நாக்கு, விழி எல்லாம் பார்த்தேன். பித்தம் மிகுந்திருந்தது.

"ராத்திரி எத்தனை மணிக்குய்யா படுப்ப?"

பதில் தாயிடமிருந்து வந்தது. "ஒரு மணி, ரெண்டு மணி ஆகுது. செல்போன்ல என்னமோ பொறுக்கிக்கிட்டே இருக்கான்."

பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மொத்தம் நூறு ரத்தினக்கல்லும்மா! தொண்ணூத்தி மூணு எடுத்துட்டேன். இன்னும் ஏழுதான்!"

"நடுவுல ஒண்ணுக்கு வந்தா எந்திரிச்சுப் போவியா?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டான். "கொஞ்சம் பொறுத்துக்கிடுவேன்..."

என்ன வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறதா? திட்டுவதற்கு முன்னால், அந்த ஏழு கல்லில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

சிப்பிக்குள் என்ன?

எங்கள் தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்த ஆசை புதிதல்ல. மன்னார் வளைகுடாவின் நம் பக்கத்தில் கடைசியாக முத்துச் சலாபம் நடந்தது 1961-ல். குளித்து எடுத்த சிப்பிகளைத் திறக்காமலே, ஆயிரம் இவ்வளவு என்று ஏலம் விடுவார்கள். குளிப்பவர்களுக்கும் சிப்பியாகவே ஒரு பங்கு உண்டு. அதில் நாலைந்தை வாங்கி ஆவலோடு பிளந்து பார்க்கிறவர்களும் இருந்தார்கள். எல்லாச் சிப்பியிலும் முத்து இருக்காது. ஆனால் அடுத்ததில் இருந்துவிட்டால்...? இந்த 'இருந்துவிட்டால்'தான் ஆளை இழுக்கிறது!

நான் சிறுவனாக இருந்தபோது தீப்பெட்டிப் படம் சேர்த்தேன். கையில் இருந்த படங்களைவிட, இல்லாத ஒரு படம்தான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும். 'போகிமான்' விளையாட்டை உருவாக்கிய ஜப்பானியர் சதோஷி தஜிரி, சிறு வயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர். அந்தச் சுகத்தைத்தான் 1996-ல் 151 பிராணிகளாக ஒரு விளையாட்டுக்குள் வைத்தார்.

2017-ல் வந்த 'செல்டா' விளையாட்டு ஒன்றில் 900 விதைகள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஆட்டத்துக்குப் பயன்படுவது அதில் பாதிகூட இல்லை. 900-ஐயும் தேடி முடித்தவருக்குக் கிடைக்கும் பரிசு என்ன தெரியுமா? பொன்னிறத்தில் சாணக் குவியல் மாதிரி ஒன்று! சிரிப்பு வருகிறதல்லவா? தேடுவதில்தான் சுகம், கிடைப்பதில் இல்லை என்பதை விளையாட்டைச் செய்தவர்களே கேலியாகச் சொல்லிவிட்டார்கள்.

நவீன விஞ்ஞானமும் இதை ஆமோதிக்கிறது. உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளை வைத்து ஆராய்ந்தார். பழகிப்போன பரிசு கையில் வரும்போது மூளையின் டோபமைன் செல்கள் பெரிதாகத் துள்ளுவதில்லை. 'பரிசு வரப்போகிறது' என்ற அறிகுறி கிடைத்ததும் துள்ளுகின்றன. எதிர்பாராமல் கிடைத்தாலும் துள்ளுகின்றன. ஆக, உங்கள் பிள்ளை கெட்ட பிள்ளை அல்ல. மூலை முடுக்கெல்லாம் பொறுமையாகத் தேடுகிற குணம் நல்ல குணம்தான்.

அடக்கக் கூடாத பதினான்கு

கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. உடம்பில் இயற்கையாக எழும் வேகங்கள் பதினான்கு, அவற்றை அடக்கக் கூடாது என்கிறது சித்த மருத்துவம். பசி, தாகம், தூக்கம், மலம், சிறுநீர், கொட்டாவி, கண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளை, ஒரே ராத்திரியில் இதில் நாலைந்தை அடக்கிவிடுகிறது! பிறகு சூடு ஏறாமல் என்ன செய்யும்?

சரி, என்ன செய்யலாம்?

* செல்போனைப் பிடுங்காதீர்கள். "எத்தனை எடுத்தே, எத்தனை பாக்கி?" என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை நேரம் என்று அவனையே சொல்ல வையுங்கள்.

* இரவுச் சாப்பாட்டுக்குப் பின் செல்போன் பெற்றோர் அறையில் இருக்கட்டும். அப்பாவின் செல்போனும்தான்!

* பணம் கட்டித் திறக்கும் 'அதிர்ஷ்டப் பெட்டி' விளையாட்டு வேண்டவே வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசைக் கொட்டுவது சூதாட்டம் என்று பெல்ஜியம் நாடு 2018-லேயே தடுத்துவிட்டது.

* வாரம் ஒருமுறையாவது நல்லெண்ணெய்க் குளியல். வெயில் ஊரில் மோர், இளநீர், சீரகத் தண்ணீர் தாராளமாகக் கொடுங்கள்.

* சிறுநீர்க் கடுப்பு என்றால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. தலைவலிக்குக் கண் டாக்டரையும் பாருங்கள். 'முத்துப் பற்பம் சூட்டுக்கு நல்லதாமே' என்று நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

* படிப்பு, சாப்பாடு, சிநேகிதம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கெடுதல் என்று தெரிந்தும் நிறுத்த முடியாமல் மாதக்கணக்கில் ஆடினால், அது நோய். உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. மனநல மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

அந்தக் காலத்தில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறவர் மூச்சடக்குவது ஒரு நிமிடமோ, சற்று மேலோதான். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். கீழிருந்து ஒரு சுண்டு சுண்டினால் உடனே இழுத்துவிடுவார். கண் முன்னால் இன்னும் சிப்பி கிடக்கிறதே என்று யாரும் அடியிலேயே இருந்துவிட முடியாது. சலாபமும் வருஷம் பூராவும் கிடையாது. கடல் அமைதியாக இருக்கிற சில வாரங்கள்தான்.

பையனுக்குப் பரிசோதனையில் கிருமி எதுவும் இல்லை. மூன்று வாரம் கழித்து வந்தான். கடுப்பு நின்றிருந்தது. கண்ணாடி போட்டிருந்தான்.

"என்னய்யா, நூறும் முடிஞ்சுதா?"

"இன்னும் ரெண்டு இருக்கு அய்யா. ஞாயித்துக்கிழமை பாத்துக்கிடுவேன். பத்து மணிக்கு அம்மா போனை வாங்கிருவாங்க."

பக்கத்தில் அந்தத் தாய் சிரித்தார். கயிறு நல்ல கையில்தான் இருக்கிறது!