'நார்மல்' என்கிற தாளும் சித்தியின் பாதங்களும்

பாம்பனில் என் சித்தி கடல்பாசி எடுக்கிறவர். 2021 மே, இரண்டாம் அலை. வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல், ஒருவரும் டெஸ்ட் எடுக்கவில்லை. காய்ச்சல் போயிற்று, போன மணமும் திரும்பியது. நான்கு மாதம் கழித்தும் பாதம் மட்டும் அடங்கவில்லை. 'தண்ணிக்குள்ள கால வச்சா தீய மிதிச்ச மாதிரி இருக்கு தம்பி. ராத்திரி போர்வ பட்டாக்கூட சுரீர்ங்குது.' நரம்பில் மின்சாரம் செலுத்திச் சோதித்தார்கள். நார்மல். டாக்டர் தாளைத் திருப்பித் தந்து 'மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்கம்மா' என்றார்.

தாள் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் சங்கடம். அந்தச் சோதனை அறிவது, உறை போர்த்திய தடித்த நரம்பிழைகளை மட்டும். அசைவையும் தொடுகையையும் சுமப்பவை அவை. சூடு, குளிர், வலி எல்லாம் தோலின் மேற்பரப்பு வரை வந்து முடிகிற மெல்லிய இழைகளின் வேலை. கொரோனாவுக்குப் பின் சிலரிடம் இந்த மெல்லிய இழைகள் குறைந்துபோயிருப்பதை, தோலில் சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் எண்ணிக் கண்டிருக்கிறார்கள். வைரஸை விரட்டக் கிளம்பிய எதிர்ப்புச்சக்தி அடங்காமல் சொந்த நரம்பையே பதம்பார்க்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கியமான விளக்கம். தீவிர சிகிச்சையில் நாள்கணக்காகக் குப்புறக் கிடந்து நரம்பு நசுங்கியவர்கள் கதை வேறு. சர்க்கரையும் பி12 குறைவும்கூட இதே எரிச்சலைத் தரும். அவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும், அதில் தகராறில்லை.

நவீன மருத்துவமனையின் பிறப்பைப் பற்றி 1963இல் எழுதிய ஃபூக்கோ, மருத்துவரின் கேள்வி மாறிய இடத்தைச் சுட்டுகிறார்: 'என்ன செய்யுது' என்பது போய் 'எங்கே வலிக்குது' வருகிறது. நோயாளியின் கதை உடம்பில் ஓர் இடமாகச் சுருங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், நம்மூர் டாக்டர் இன்னமும் 'என்ன செய்யுது' என்றுதான் கேட்கிறார். பதிலைத்தான் கேட்பதில்லை. சித்தியிடம் பதில் இருக்கிறது. எரிச்சல், குடைச்சல், கடுப்பு, மதமதப்பு, சுருக்குசுருக்கு. ஒன்று இன்னொன்றல்ல. பிரான்ஸில் 2005இல் நரம்புவலியை இனங்காண ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். அதன் பத்து அம்சங்களில் ஏழு, வெறும் சொற்கள்: எரிகிறதா, குளிர்ந்து வலிக்கிறதா, கரண்ட் அடிக்கிறதா, எறும்பு ஊர்கிறதா, ஊசி குத்துகிறதா, மரத்துப்போகிறதா, அரிக்கிறதா. எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இதில் கொஞ்சம் கர்வம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. நம்முடைய சொற்களை வைத்து இன்னும் நீளமான கேள்வித்தாள் போடலாம்.

நோய்க்குப் பெயர் வைப்பதிலும் பட்டவர்களின் சொல் சில சமயம் ஜெயித்திருக்கிறது. 2006இல் தமிழகத்தை முடக்கிப்போட்ட சிக்குன்குனியா, கிழக்கு ஆப்பிரிக்க மகோண்டே மக்களின் சொல். உடம்பு வளைந்து ஒடுங்குவதைக் குறிப்பது. 'நீண்ட கோவிட்' என்ற பெயரை 2020 மே மாதத்தில் முதலில் எழுதியவர் எலிசா பெரேகோ, இத்தாலியத் தொல்லியலாளர், தானே நோயாளி. உலக சுகாதார நிறுவனம் அதற்குப் பிறகுதான், 2021 அக்டோபரில், இலக்கணம் வகுத்தது: தொற்றுக்கு மூன்று மாதத்துக்குப் பிறகும் இருக்கிற, குறைந்தது இரண்டு மாதம் நீடிக்கிற, வேறு காரணம் சொல்ல முடியாத உபாதை. தொற்று நிரூபணமாகி இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, இருந்திருக்க வாய்ப்பிருந்தால் போதும். ஆக, சித்தியின் டெஸ்ட் இல்லாத காய்ச்சலும் அதில் அடங்கும். இதைத் தீவுக்காரர்களுக்கு யார் சொன்னார்கள்?

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் தாளை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். பாறை கிழித்தது ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது என்று சித்தி அப்போதுதான் வாய்திறந்தார். எரிகிற காலேதான் உணர்விழந்தும் இருக்கிறது. பிரிகாபலின் எழுதினார். வலி மட்டுப்படும், தலை சுற்றும், தூக்கம் தள்ளும். கட்டிலில் கிடப்பவருக்கு அது பரவாயில்லை. விரலில் துணி சுற்றி, மூச்சடக்கி முங்கிப் பாசி பறிக்கிறவரை அது எங்கே கொண்டுபோய் விடும்? சித்தி இதைக் கேட்டார். டாக்டர் யோசித்து, அளவைக் குறைத்து, ராத்திரிக்கு மட்டும் என்று மாற்றி எழுதினார்.